விளையை ஈடு வைத்து டைப் ரேட்டிங் படிக்கலாமா?

கேள்வி

ஐயா, எனக்கு 31 வயது. ஊர் இரணியல் பக்கம். ஒரு தனியார் விமான நிறுவனத்தில், திருவனந்தபுரம் லைன் மெயின்டனன்ஸில் பி1 (மெக்கானிக்கல் பிரிவு) லைசென்ஸ் என்ஜினியராக இருக்கிறேன். ஏ320 நியோ, லீப் என்ஜின் டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தின் பராமரிப்புக்குக் கையெழுத்துப் போடும் தகுதி, உண்டு. எங்கள் கம்பெனி பெரிய விமானம் வாங்கப்போகிறது என்று ஆறு மாதமாக ஒரே பேச்சு. ஷிஃப்டில் பாதிப் பேர் போயிங் 787 என்கிறார்கள், பாதிப் பேர் ஏர்பஸ் ஏ350 என்கிறார்கள். ஒரு சீனியர் மட்டும், ‘லே மக்கா, செவன் எய்ட் செவன்தான், எழுதி வச்சுக்கோ’ என்று அடித்துச் சொல்கிறார். அவருடைய மச்சினன் டெல்லி ஆபீசில் இருக்கிறான். அறிவிப்பு வரும்போது கையில் ரேட்டிங் வைத்திருப்பவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு என்றும் சொல்கிறார். வெளிநாட்டுப் பயிற்சி நிலையம் ஒன்றில் 787 தியரிக்கு மட்டும் 9 லட்சம் கேட்கிறார்கள். அப்பா பெயரில் 60 சென்ட் ரப்பர் விளை இருக்கிறது. ஈடு வைத்தால் பணம் கிடைக்கும். மனைவி நர்ஸ், வேண்டவே வேண்டாம் என்கிறாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிற சிலர் கம்பெனி பங்கும் வாங்கி வைக்கிறார்கள். எந்த விமானம் வரும் என்று நினைக்கிறீர்கள்? நான் படிக்கலாமா?

– பெயர் வேண்டாம், இரணியல்

பதில்

தம்பிக்கு,

எந்த விமானம் வரும் என்று உங்கள் ஷிஃப்டில் யாராலும் சொல்ல முடியாது. மச்சினனாலும் முடியாது. விற்க வந்தவர்களுக்கே தெரியாமல் போன கதை ஒன்று உண்டு, கேளுங்கள்.

2017 நவம்பர், துபாய் ஏர்ஷோவின் முதல் நாள். எமிரேட்ஸ், ஏர்பஸ்ஸின் ஏ380-க்குப் பெரிய ஆர்டர் கொடுக்கப்போகிறது என்று தொழிலில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஏர்பஸ் ஆட்களே அந்தச் செய்தியாளர் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அறிவித்தது போயிங் 787-10, மொத்தம் 40. எதிர்க்கடைக்காரன் வியாபாரம் பண்ணுவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. சரி, அதோடு முடிந்ததா? இரண்டே மாதத்தில், 2018 ஜனவரியில், ஏ380-க்கும் எமிரேட்ஸ் ஆர்டர் கொடுத்தது. 2019 பிப்ரவரியில் ஏ380 கணக்கில் 39 விமானங்களைக் குறைத்துக்கொண்டது; கூடவே ஏர்பஸ் அந்த விமானத்தின் தயாரிப்பையே நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் நவம்பரில், மேடையேறி அறிவித்த அந்த 40 விமானம், 787-9 ரகத்தில் 30 விமானமாகச் சுருங்கியது. இத்தனையும் ஏறத்தாழ இரண்டே வருஷத்தில். கையெழுத்துப் போட்டவர்களின் மனதே இப்படி மாறும்போது, டெல்லி ஆபீசில் பக்கத்து மாடியில் வேலை பார்க்கிறவன் எதை நிச்சயமாகச் சொல்ல முடியும்?

பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு ஷிஃப்டில் கடைசி விமானம் வந்து, அதிகாலை முதல் விமானம் போகும்வரை உள்ள நேரத்தை நானும் முப்பத்து நாலு வருஷம் கடத்தியிருக்கிறேன். சாயாவும் ஆர்டர் பேச்சும் இல்லாவிட்டால் தூக்கம் வந்துவிடும். வதந்திக்கும் ஒரு பருவம் உண்டு. நமக்கு மாசியில் மண்டைக்காடு கொடை, நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா என்பதைப்போல, விமானக்காரர்களுக்கு ஒற்றைப்படை வருஷம் ஜூனில் பாரீஸ், நவம்பரில் துபாய், இரட்டைப்படை வருஷம் ஜூலையில் ஃபார்ன்பரோ என்று ஏர்ஷோக்கள். ஒரு மாதத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் கொடியேறிவிடும். 

அதுவும் நம் நாட்டில் நடந்ததைப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா ஒரே மூச்சில் 470 விமானம் என்றது. அந்த வருஷம் ஜூனில் பாரீஸில் இண்டிகோ 500 என்றது. அடுத்த ஜனவரியில் ஆகாசா 150 என்றது. இதைக் கேட்ட எந்த என்ஜினியருக்கும், ‘இதில் ஒன்றாவது நம்ம கைக்கு வராதா’ என்றுதான் தோன்றும். உங்களுக்குத் தோன்றியதில் தப்பில்லை. ஈடு வைக்கப் போனதுதான் தப்பு.

உங்களுக்கு ரப்பர் தெரியும். கன்று நட்டால் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். 2011-இல் கிலோ 240 ரூபாய்வரை போனபோது, நம் மாவட்டத்தில் எத்தனை பேர் வாழையையும் மரச்சீனியையும் அழித்துவிட்டு ரப்பர் வைத்தார்கள்? அந்த மரங்களில் கத்தி வைத்த நேரத்தில் விலை அதில் பாதிதான். விமான ஆர்டரும் கன்று நடுகிற வேலைதான். 2024-இல் ஏர்பஸ் வருஷம் முழுக்க ஓடியாடி ஒப்படைத்தது 766 விமானம். அந்த வருஷக் கடைசியில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டிய பாக்கி 8,600-க்கும் மேல். அந்த வேகத்திலேயே போனால் வரிசை தீரப் பதினோரு வருஷம் ஆகும். போயிங் அந்த வருஷம் கொடுத்தது 348 மட்டும்.

787-க்கே வாருங்கள். ஏர் இந்தியா அதை ஆர்டர் செய்தது 2006 ஜனவரியில். 2008-இல் வரும் என்றார்கள். முதல் விமானம் வந்து சேர்ந்தது 2012 செப்டம்பரில். போயிங்கின் 777எக்ஸ் கதை இன்னும் மோசம்: 2013-இல் அறிமுகம் செய்து 2020-இல் தருவதாகச் சொன்னார்கள், இப்போது 2027 என்கிறார்கள். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா அறிவித்த ஏ350, அதே வருஷம் டிசம்பரில் டெல்லியில் இறங்கிவிட்டது. காரணம், அந்த முதல் ஆறு விமானங்கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளாட்டுக்காகச் செய்தவை. அங்கே போக முடியாமல் நின்றதால் இங்கே வந்தன. ஆர்டர் தேதியை வைத்து வரும் தேதியைக் கணக்குப் போட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பத்து மாதமும் ஆகலாம், பத்து வருஷமும் ஆகலாம்.

வராமலே போவதும் உண்டு. கிங்ஃபிஷர் 2005-இல் ஐந்து ஏ380 ஆர்டர் செய்தது. ஒன்றுகூட வரவில்லை, 2012-இல் நிறுவனமே நின்றது. ஜெட் ஏர்வேஸ் 225 போயிங் மேக்ஸ் என்று கணக்கு வைத்திருந்தது. முதல் மேக்ஸ் வந்தது 2018 ஜூனில். 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு கடைசி விமானம் பறந்தது. கோ ஃபர்ஸ்ட் ஆர்டர் செய்த நியோ மொத்தம் 144. 2023 மே மாதத் தொடக்கத்தில் பறப்பதை நிறுத்திக்கொண்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் நம் பக்கத்துப் பையன்கள். பாக்கி விமானங்கள் எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், மறு வாரம் சம்பளம் எப்போது வரும் என்று பேசினார்கள்.

இனி உங்கள் லைசென்ஸ் விஷயம். நான் நிதானமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 787 என்று எழுதியிருக்கிறீர்கள், என்ஜின் பெயர் இல்லை. 787-க்கு இரண்டு வகை என்ஜின் உண்டு. ஜென்எக்ஸா, ட்ரென்ட் 1000-ஆ? லைசென்ஸில் டைப் ரேட்டிங் விமானத்தின் பெயரோடு நிற்பதில்லை, என்ஜினோடு சேர்த்துத்தான் ஏறும் என்பது லீப் ரேட்டிங் வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அவசரத்தில் இதை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். மச்சினன் சொன்னது பலித்து 787-ஏ வந்தாலும், நீங்கள் படித்தது ஜென்எக்ஸும் வந்தது ட்ரென்ட்டும் ஆனால், மறுபடி ஒரு படிப்பு. என்ஜின் தேர்வு விமானத் தேர்வைவிட அதிகமாக ஊசலாடும். இண்டிகோ 2016-இல் நியோ வாங்கத் தொடங்கியபோது பிராட் அண்ட் விட்னி என்ஜின். 2019-இல் அடுத்த 280 விமானங்களுக்கு சிஎஃப்எம் லீப் என்று மாறியது. விமானம் அதே விமானம், கம்பெனியும் அதே கம்பெனி. ஏ350 என்றால் இந்தச் சிக்கல் இல்லை; அதில் ட்ரென்ட் எக்ஸ்டபிள்யூபி ஒன்றுதான்.

அடுத்தது காலக்கெடு. பெரிய விமானத்துக்கு பி1 தியரி குறைந்தபட்சம் 150 மணி நேரம். அது முடிந்ததும் பிராக்டிகல். தியரி, பிராக்டிகல் இரண்டையும், ரேட்டிங்குக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் தொடங்கி முடித்திருக்க வேண்டும். தியரியை 9 லட்சம் கொடுத்துப் படித்துவிட்டு, பிராக்டிகலுக்கு விமானம் கிடைக்காமல் காத்திருந்தால் என்ன ஆகும்? மூன்று வருஷம் போனால் கையில் இருப்பது சர்டிபிகேட் இல்லை, ரசீது. 

பிராக்டிகலும் முடித்து லைசென்ஸில் ஏற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடந்த 24 மாதத்தில் 6 மாதமாவது பராமரிப்பு அனுபவம் காட்டினால்தான் கையெழுத்து உரிமை நிற்கும். உங்கள் நிலையத்தில் தினமும் தொடுவது ஏ320. 787-ஐ எங்கே போய்த் தொடுவீர்கள்? அதற்கும் மேலே, நீங்கள் வேலை பார்க்கிற நிறுவனம் அந்த டைப்புக்கு உங்கள் பெயரில் ஆத்தரைசேஷன், அதாவது கையெழுத்து அனுமதி, கொடுத்தால்தான் டெக் லாக் என்கிற விமானப் பதிவேட்டில் பேனா வைக்க முடியும். விமானமே இல்லாத கம்பெனி எந்த ஆத்தரைசேஷனைக் கொடுக்கும்?

2025 ஜூன் 14-ஆம் தேதி உங்கள் விமான நிலையத்திலேயே பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் ஒன்று இறங்கி, கிளம்ப முடியாமல் நின்றது நினைவிருக்கும். ஐந்து வாரத்துக்கு மேல் நின்றது. கேலிப் படங்கள் போடாதவர்கள் கிடையாது. கடைசியில் பிரிட்டனிலிருந்து தனி விமானத்தில் ஆட்கள் வந்து, ஹேங்கருக்குள் இழுத்துக்கொண்டுபோய்ச் சரிசெய்து, ஜூலை 22-இல் பறந்தது. அந்த ஐந்து வாரமும் பக்கத்திலேயே நல்ல கைத்தொழில் தெரிந்த எத்தனை பேர் நடமாடினோம் என்று நினைத்துப் பாருங்கள். போர் விமானம் வேறு சங்கதி, ரகசியம் வேறு. ஆனாலும் விஷயம் ஒன்றுதான். அந்த மிஷினுக்கு யாருக்கு அனுமதியோ அவன்தான் பேனலைத் திறப்பான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990-களின் நடுவில் வளைகுடாவில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். பெயர் எதற்கு. ஏ340 வருகிறது என்று அங்கே ஒரே பேச்சு. எங்கள் ஷிஃப்டிலும் ஒரு சீனியர் இருந்தார், அவருக்கும் மேலே ஒரு ஆள் தெரியும். மனைவியின் ஏழு பவுன் சங்கிலி மார்த்தாண்டத்தில் ஒரு அடகுக் கடைக்குப் போயிற்று. லீவு போட்டுவிட்டு, சொந்தச் செலவில் போய் ஏ340 படித்தேன். நல்ல மார்க். திரும்பி வந்து ஒரு வருஷம் கழித்து நிறுவனம் அறிவித்தது 777. சீனியர் என்னைப் பார்த்து, ‘கடைசி நேரத்துல மாத்திட்டான்டே’ என்றார். அவர் பணம் ஒன்றும் போகவில்லை. கவனியுங்கள், அவர் படிக்கவே போகவில்லை.

அந்தக் கோர்ஸ் நோட்ஸ் இன்றும் பார்வதிபுரத்தில் என் வீட்டில் இருக்கிறது. தடித்த நீல ஃபைல், மேசை ஃபேன் முகத்துக்கு நேராக வீசுவதற்காக அதன் அடியில் வைத்திருக்கிறோம். போன மாதம் தூசி தட்டும்போது விரித்துப் பார்த்தேன். ஹைட்ராலிக் பாடத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று சிஸ்டத்தையும் நானே கலர் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமாகியும் மஞ்சள் மட்டும் லேசாக வெளுத்திருக்கிறது. 777-இல் இந்தக் கலரெல்லாம் கிடையாது. இடது, நடு, வலது. 777-க்கு நிறுவனமே ஒரு பேட்ச் அனுப்பியது. என்னையும் அனுப்பியது. ஒரு பைசா செலவில்லை. சங்கிலியை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று.

சீனியர் சொல்கிற ‘ரேட்டிங் வைத்திருப்பவனுக்கே முதல் வாய்ப்பு’ என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ஒன்பது வருஷம் பயிற்சிப் பிரிவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். புது விமானம் வாங்கும்போது இத்தனை பைலட்டுக்கு, இத்தனை என்ஜினியருக்குப் பயிற்சி என்பதையும் சேர்த்தே பேசி ஒப்பந்தம் போடுவது வழக்கம். அந்த இடங்களை நிறுவனம் யாருக்குக் கொடுக்கும்? சீனியாரிட்டி, இப்போதைய டைப்பில் ரெக்கார்டு, மூன்று நாலு வருஷத்துக்கு பாண்ட் எழுதித்தரச் சம்மதம், எந்த ஊர் பேஸுக்கும் மாறத் தயாரா என்பது. இவற்றைத்தான் பார்ப்போம். தனியே தியரி படித்து வந்தவன் என்றால் ஆர்வமுள்ள பையன் என்று மனதில் ஒரு நல்ல எண்ணம் வரும், மறுக்கவில்லை. அந்த நல்ல எண்ணத்தின் விலை 9 லட்சம் என்றால் அதிகம். டைப் தெரிந்த ஆள் உடனே வேண்டும் என்றால் நிறுவனம் வெளியிலிருந்து அந்த டைப்பில் பல வருஷம் கையெழுத்துப் போட்டவரைக் கொண்டுவரும். புதிதாகத் தியரி முடித்தவரை வைத்து அந்த ஓட்டையை அடைக்காது. வளைகுடா வேலைக்கும் இதே கணக்குதான். அவர்கள் கேட்பது அந்த டைப்பில் எத்தனை வருஷம் என்று.

அப்படியானால் வரப்போவதை முன்கூட்டி அறிய வழியே இல்லையா என்றால், உண்டு. செய்தியில் தேடாமல் உங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் தேடுங்கள். 787-இன் இறக்கை 60 மீட்டர் அகலம், ஏ350 அதைவிட நாலரை மீட்டர் கூடுதல். உங்கள் ஏ320 வெறும் 36 மீட்டருக்குள். பெரிய விமானம் நிஜமாகவே வருகிறது என்றால் ஹேங்கர் இடம் பேசுவார்கள், விமானத்தை இழுக்கிற புது டோ-பார், தூக்குகிற ஜாக், சக்கரம் கழற்றுகிற கருவிகளுக்கு விலை கேட்பார்கள், ஸ்டோரில் புதுப் பார்ட் நம்பர் திறப்பார்கள், குவாலிட்டி ஆட்கள் மேனுவல் திருத்த ஆரம்பிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், பயிற்சிப் பிரிவிலிருந்து பெயர் கேட்டு ஒரு மெயில் வரும். அந்த மெயில் வந்தால் ஓடிப்போய்ப் பெயரைக் கொடுங்கள். அதற்கு முன் வருவதெல்லாம் சாயா கடைப் பேச்சு.

ஒரு எச்சரிக்கை: 787 ஒன்று கம்பெனி பெயிண்ட் அடித்து வந்து நின்றால்கூட உடனே நம்பிவிடாதீர்கள். இண்டிகோ தனக்கென்று ஆர்டர் செய்திருக்கும் பெரிய விமானம் ஏ350. ஆனால் 2025-இல் அது மும்பையிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் மான்செஸ்டருக்கும் பறக்கத் தொடங்கியது போயிங் 787-9-இல். நார்ஸ் அட்லாண்டிக் என்கிற நார்வே நிறுவனத்திடமிருந்து டேம்ப் லீஸில் எடுத்தது. டேம்ப் லீஸ் என்றால் விமானமும் பைலட்டும் மெயின்டனன்ஸ் பொறுப்பும் கொடுக்கிறவருடையவை. அங்கே 787 ரேட்டிங் எடுத்து வைத்திருந்த உள்ளூர்ப் பையன் வாசலில் நின்று பார்க்கலாம். உங்கள் சீனியருடைய கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே நேரத்தில் ஜெயித்த மாதிரி ஒரு விசித்திரம் இது.

பங்கு வாங்குகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் கூட்டுச் சேராதீர்கள். ஆர்டர் செய்தி கம்பெனிக்கு உள்ளிருந்து நிஜமாகவே கசிந்தது என்றால், வெளியிடப்படாத தகவலை வைத்துப் பங்கு வாங்குவது பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் 2015 விதிகளின்படி குற்றம். மச்சினன் சொன்னதும் குற்றம், கேட்டு வாங்கியதும் குற்றம். செய்தி பொய் என்றால் நஷ்டம். இரண்டில் எதுவானாலும் நமக்கு ஆகாது. உள்விவகாரம் இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டுகளை ஃபார்வேர்டும் பண்ணாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து செய்தி எங்கே போகும் என்று அனுப்பினவனுக்குத் தெரியாது.

உங்களுக்குப் பெரிய விமானத்தின் மேல் உள்ள ஆசை எனக்குப் புரிகிறது. 787-இல் கேபின் காற்று என்ஜினிலிருந்து எடுக்கிற பிளீட் காற்றாக வராது, மின்சாரக் கம்ப்ரெசரில் வரும், பிரேக்கூட மின்சாரம்தான். தொழில் தெரிந்தவனுக்கு இதையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்கத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த ஆசையைக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிற மிஷின் மேல் திருப்புங்கள் என்கிறேன். நியோவிலேயே பிராட் என்ஜின் ரேட்டிங் உங்களிடம் இல்லை. இந்தியாவில் நியோக்கள் இரண்டு என்ஜினிலும் பறக்கின்றன. விமானம் தெரிந்த உங்களுக்கு என்ஜின் வித்தியாசத்தை மட்டும் படித்தால் போதும், செலவும் காலமும் மிகக் குறைவு, பிராக்டிகலுக்கு விமானம் தேடிக் கடல் கடக்க வேண்டாம். 2023 ஜூலையில் அந்த என்ஜினின் உலோகத்தூள் கோளாறு வெளியே வந்ததிலிருந்து அதில் கழற்றுகிற, மாட்டுகிற வேலைக்குக் குறைவே இல்லை.

இன்னொன்று பி2, அதாவது விமானத்தின் மின்சார, மின்னணுப் பக்கத்துக்கான (ஏவியானிக்ஸ்) லைசென்ஸ். நீங்கள் மெக்கானிக்கல் பக்கம். ஏவியானிக்ஸுக்கான 13, 14 மாட்யூல் பரீட்சைகளை எழுதி, 4, 5 இரண்டையும் கொஞ்சம் ஆழமாகப் படித்து, அனுபவத்தையும் காட்டி பி2-வும் சேர்த்துக்கொண்டால், இரவு ஷிஃப்டில் ஒரே ஆள் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடலாம். எந்த நிறுவனத்துக்கும் அது பிடிக்கும். நாளை வருவது 787-ஓ ஏ350-ஓ, இரண்டுமே மின்சாரமும் கம்ப்யூட்டருமாக இருக்கிற விமானங்கள். பேட்ச்சுக்குப் பெயர் எடுக்கிறவர் கண்ணில் பி1, பி2 இரண்டும் உள்ள ஆள் முதலில் படுவார். மாட்யூல் பரீட்சைக்கு ஆகிற செலவு, அந்த 9 லட்சத்துக்கு நீங்கள் கட்டப்போகிற முதல் ஒன்றிரண்டு மாத வட்டியில் அடங்கிவிடும்.

உங்கள் மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கடன் ஒன்று, எனக்குத் தோன்றுவது வேறொன்றும் இருக்கலாம். பெரிய விமானத்தை நிறுவனங்கள் டெல்லி, மும்பை, பெங்களூரு மாதிரி இடங்களில்தான் நிறுத்தும். நீங்கள் நினைத்தபடியே எல்லாம் நடந்தால்கூட முடிவில் குடும்பம் இரணியலில், நீங்கள் டெல்லியில். இல்லாவிட்டால் அவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். இதைப் பேசாமல் விளைப் பத்திரத்தை மட்டும் பேசியிருக்கிறீர்களோ என்று சந்தேகம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலையில் பால் எடுக்கப் போகும்போது கூடப் போங்கள். 2011-இல் விலை ஏறியபோது அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பார்.

திங்கட்கிழமை பயிற்சிப் பிரிவுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். பிராட் என்ஜின் டிஃபரன்ஸ் கோர்ஸ் அடுத்த பேட்ச் எப்போது, நிறுவனம் செலவு ஏற்குமா, பாண்ட் எத்தனை வருஷம், பி2-க்கு விண்ணப்பித்தால் ஷிஃப்ட் மாற்றித் தருவார்களா என்று நாலே வரி. 787 பற்றி அதில் எழுத வேண்டாம். பதிலை எனக்கும் அனுப்பினால் பாண்ட் வாசகத்தைப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அதில் பொடி எழுத்தில் ஒன்றிரண்டு இடம் கவனிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் பயிற்சி நிலையத்துக்கு முன்பணம் ஏதும் கட்டிவிட்டீர்களா? கட்டியிருந்தால் ரசீதோடு உடனே எழுதுங்கள், ரத்து செய்யக் கெடு வைத்திருப்பார்கள்.